நாலு மணி, சுகம்

ஐப்பசி பிறந்ததும் எங்கள் அலுவலகத்தில் ஒரு வேலை நடக்கும். ஆறு நர்சுகள், இரண்டு டிரைவர்கள், ஆக எட்டுப் பேரும் பெரிய மேசையைச் சுற்றி உட்கார்ந்து, ஆளுக்கொரு பாக்கெட் நோட்டில் மற்றவர்களுடைய போன் எண்களைக் கையால் எழுதுவார்கள். முதல் பக்கத்தில் மாவட்டப் பேரிடர் உதவி எண் 1077, ஆம்புலன்ஸ் 108. கடைசிப் பக்கத்தில் மதுரை எண் ஒன்று.

புதிதாகச் சேர்ந்த டிரைவர் தம்பிக்கு முதல் வருஷம் சிரிப்புத் தாங்கவில்லை. "இந்தக் காலத்துல ஆராவது நம்பரை எழுதி வப்பாங்களாண்ணே?" என்றான். "உன் பெண்டாட்டி நம்பரைப் பாக்காம சொல்லு" என்றேன். ஆறு இலக்கம் வரை வேகமாக வந்தான். அதற்கப்புறம் கூரையைப் பார்த்தான். பிறகு பேசாமல் எழுதினான்.

நாங்கள் செய்வது, படுக்கையில் இருக்கும் நோயாளிகளை வீட்டுக்கே போய்ப் பார்க்கிற வேலை. புற்றுநோய் முற்றியவர்கள், பக்கவாதத்தில் விழுந்தவர்கள், மூச்சுக்குழல் நோயால் ஆக்ஸிஜனோடு இருப்பவர்கள். நான் மருத்துவம் படித்தவன் இல்லை. யார் எந்த வீட்டுக்குப் போகவேண்டும், எந்த வண்டி எந்தப் பக்கம், எந்த வீட்டில் மாத்திரை தீரப்போகிறது என்று கணக்குப் பார்க்கிற ஆள். அலுவலகம் நாகர்கோவிலில். நர்சுகள் குலசேகரம், மார்த்தாண்டம், தக்கலை, குளச்சல், பூதப்பாண்டி, நாகர்கோவில் என்று அவரவர் ஊரிலிருந்தே சுற்றுவார்கள். எங்களுக்குள் பெயரைவிட ஊர்தான் புழக்கம். குலசேகரத்து சிஸ்டர், குளச்சல் சிஸ்டர். சின்ன மாவட்டம்தான். ஆனால் குளச்சலில் வெயில் அடிக்கும்போது பேச்சிப்பாறையில் கொட்டிக்கொண்டிருக்கும். ஒரு ஊரின் வானத்தைப் பார்த்து இன்னொரு ஊரைப் பற்றி முடிவெடுக்க முடியாது.

மழை எங்களுக்குப் புதிதல்ல. இடவப்பாதியில், அதாவது ஜூன் வாக்கில், ஒரு மழை, ஐப்பசி கார்த்திகையில் ஒரு மழை, இரண்டு பருவமும் எங்களுக்கு உண்டு. புயல் அப்படியில்லை. புயல் என்பது கடலூருக்கும் நாகப்பட்டினத்துக்கும் போவது, நாங்கள் டிவியில் பார்ப்பது. 2017 நவம்பர் 29 காலை இலங்கைக்குத் தென்கிழக்கே தாழ்வு மண்டலமாக இருந்தது, மறுநாள் முற்பகலில் குமரிக் கடலில் புயலாகிவிட்டது. இடையில் ஒரே ஒரு நாள். ஒக்கி என்று பெயர். வங்காளதேசம் கொடுத்த பெயர், கண் என்று அர்த்தமாம். கன்னியாகுமரிக்குத் தெற்கே ஏறக்குறைய அறுபது கிலோமீட்டர் தள்ளி, கரையைத் தொடாமலே போயிற்று. தொடாமல் போனதற்கே இந்தக் கதி.

அன்று வியாழக்கிழமை. கோட்டாறு சவேரியார் கோயில் திருவிழா நடந்துகொண்டிருந்த வாரம். விடிவதற்கு முன்பே கரண்டு போயிருந்தது. காலையில் வாசலைத் திறந்தால், எதிர்வீட்டுத் தென்னை எங்கள் தெருவின் குறுக்கே படுத்திருந்தது. அதன் மேலே மின்கம்பி, கம்பியோடு சேர்ந்து கேபிள் டிவி ஒயர். மேற்கே ரப்பர் தோட்டங்களில் ஒரு மரம்கூட நிமிர்ந்து நிற்கவில்லை என்று யாரோ சொன்னார்கள். கொஞ்சம் மிகைதான், ஆனால் வாழை விஷயத்தில் மிகையே இல்லை. குலை தள்ளிய ஏத்தன் வாழை தோட்டம் தோட்டமாகச் சரிந்து கிடந்ததை அடுத்த வாரம் நானே பார்த்தேன்.

அந்தக் காலையில் நான் செய்த காரியத்தைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. எல்லாருக்கும் போன் போட ஆரம்பித்தேன்.

எட்டுப் பேர். ஒருவர் எடுக்கவில்லை என்றால் அடுத்தவர், அவரும் எடுக்கவில்லை என்றால் மறுபடியும் முதல் ஆள். வட்டமடித்து வட்டமடித்துப் போட்டேன். சில நேரம் "தொடர்பு எல்லைக்கு வெளியே" என்று வரும். சில நேரம் எந்தச் சத்தமும் இல்லாமல் துண்டித்துவிடும். சில நேரம் மணி அடிக்கும், எடுப்பார்கள், "அண்ணா" என்ற ஒரு சொல் கேட்கும், அறுந்துவிடும். உடனே மறுபடி போடுவேன். இதைத்தான் பொறுப்பு என்று அன்று நினைத்துக்கொண்டிருந்தேன். மத்தியானத்துக்குள் என் போனிலும் சார்ஜ் தீர்ந்துவிட்டது.

மூன்று நாள் கழித்துக் குலசேகரத்து சிஸ்டரை நேரில் பார்த்தபோது முதல் வார்த்தையாக அவர் கேட்டது: "அண்ணா, எத்தன தடவ கூப்பிட்டிய?" கோபமாகக் கேட்கவில்லை. அலுப்போடு கேட்டார். அவருடைய ஊரில் சிக்னல் ஒரு கோடு வந்தும் போயும் இருந்திருக்கிறது. சிக்னல் பலவீனமாக இருந்தால் போன் சும்மா இருக்காது. டவரைத் தேடித் தேடி, இருக்கிற பலத்தையெல்லாம் கூட்டிக் கத்திக்கொண்டே இருக்கும், சட்டைப்பையில் கிடந்தபடியே பேட்டரியைத் தின்றுவிடும். அதற்கு மேல் என் அழைப்புகள் வேறு. காலையில் பாதிக்கு மேல் இருந்த சார்ஜ் மத்தியானம் இரண்டு மணிக்கெல்லாம் தீர்ந்துவிட்டது. திருவட்டாறு பக்கம் ஒரு வீட்டில், கடும் வலிக்குக் கொடுக்கும் மார்ஃபின் மாத்திரையில் இருக்கும் நோயாளி ஒருவர். நாலு மணி நேரத்துக்கு ஒரு தடவை கொடுக்க வேண்டிய மாத்திரை அது. வெள்ளிக்கிழமை சிஸ்டர் புது அட்டையோடு போக வேண்டிய வீடு. அந்த வீட்டுக்காரர்கள் வியாழன் சாயங்காலம் ஒரு டவர் கிடைத்து சிஸ்டரைக் கூப்பிட்டிருக்கிறார்கள். அணைந்துபோன போனுக்கு எப்படி மணி அடிக்கும்? மாத்திரை தீர்ந்த பிறகு அந்த மனிதர் இரண்டு இரவுகளை எப்படிக் கடந்தார் என்று அவர் மகள் எனக்குச் சொன்னாள். அதை இங்கே எழுத மாட்டேன்.

என் மனசு சமாதானத்துக்காக அவருடைய சார்ஜைச் செலவழித்திருக்கிறேன். இந்த விஷயம் எனக்கு உறைக்கவே சில மாதங்கள் ஆயின. "பத்திரமா?" என்று கேட்பதில் கேட்பவருக்கு ஒரு நிம்மதி. பதில் சொல்பவர் அந்த நேரத்தில் முறிந்த மரத்தின் மேல் ஏறிக்கொண்டிருக்கலாம்.

அன்று டவர்கள் ஏன் ஒன்றன்பின் ஒன்றாகச் செத்தன என்று பிறகு ஒரு டவர் டெக்னீஷியன் சொல்லித்தான் புரிந்தது. கரண்டு போனால் டவரின் பேட்டரி சில மணி நேரம் தாங்கும். அதற்கப்புறம் டீசல் ஜெனரேட்டர். டீசல் தீர்ந்தால் வண்டி வந்து ஊற்ற வேண்டும். வண்டி வர வேண்டிய சாலையில் மரம் கிடக்கிறது. டவர் நன்றாக இருந்தாலும், அதை மற்ற டவர்களோடு இணைக்கும் ஃபைபர் கேபிள் கம்பத்தோடு சாய்ந்திருந்தால் முடிந்தது. போனில் கோடுகள் தெரியும், அழைப்புப் போகாது. அப்படி உயிரோடு தப்பிய ஒன்றிரண்டு டவர்களில் சுற்றுவட்டாரம் முழுவதும் ஒரே நேரத்தில் ஏறும். நான் ஒரு மணி நேரத்தில் முப்பது தடவை ஏறியதும் அந்த நெரிசலில் சேர்த்திதான்.

அந்த நாட்களில் எங்களைக் கொஞ்சமாவது காப்பாற்றியது பக்கத்து வீட்டுத் தாத்தாவின் பழைய லேண்ட்லைன் கருவி. அலுவலகத்தில் லேண்ட்லைன் இருந்தது, ஆனால் கார்ட்லெஸ். அதன் அடித்தட்டுக்குக் கரண்டு வேண்டும். செத்துவிட்டது என்று நாங்கள் ஒதுக்கிவைத்திருந்தோம். தாத்தா ஓய்வுபெற்ற தொலைபேசி இலாகா ஊழியர். எட்டிப் பார்த்துவிட்டு, "கருவிதாம்டே செத்துது, லைன் சாகல்ல" என்றார். வீட்டுக்குப் போய் வயர் வைத்த பழைய கருவி ஒன்றைக் கொண்டுவந்து சொருகினார். டயல் டோன் வந்தது. லேண்ட்லைனுக்கு வேண்டிய மின்சாரம் தொலைபேசி நிலையத்தின் பேட்டரியிலிருந்து அதே செம்புக்கம்பி வழியாகவே வரும், 48 வோல்ட். வீட்டில் கரண்டு இருக்கிறதா இல்லையா என்று அதற்குக் கவலையில்லை. அந்த டோனைக் கேட்டபோது எனக்குக் கண் நிறைந்துவிட்டது. அப்புறம்தான் அடுத்த பிரச்சினை புரிந்தது. யாருடைய எண்ணும் எனக்குத் தெரியவில்லை. எல்லாம் சார்ஜ் இல்லாத போனுக்குள்.

மனப்பாடமாகத் தெரிந்த ஒரே வெளியூர் எண், மதுரையில் இருக்கும் என் அக்காவுடையது. அதுவும் இருபது வருஷமாக மாறாததால். அக்கா பள்ளித் தலைமையாசிரியையாக இருந்து ஓய்வுபெற்றவள். எடுத்ததும், "எங்கடே போன? ஒன் குளச்சல் நர்சு எனக்குக் காலம்பற மெசேஜ் போட்டிருக்கு" என்றாள்.

எப்படி? ஒரு தடவை அந்த சிஸ்டரின் மகளுக்கு மதுரையில் கல்லூரிச் சேர்க்கை விஷயமாக அக்கா எண்ணைக் கொடுத்திருந்தேன். என்னைப் பிடிக்க முடியாமல் அந்த எண்ணுக்கு ஒரு குறுஞ்செய்தி தட்டிவிட்டிருக்கிறார். மாவட்டத்துக்குள்ளேயே இருப்பவரைப் பிடிக்க முடியவில்லை, 250 கிலோமீட்டர் தள்ளி இருக்கும் மதுரைக்குச் செய்தி போய்விட்டது. யோசித்தால் இதில் ஆச்சரியம் இல்லை. இங்கே பேச இரண்டு முனையும் உயிரோடு இருக்க வேண்டும். மதுரைக்குப் பேச ஒரு முனை உயிரோடு இருந்தால் போதும்.

சரி, குறுஞ்செய்தி. குரல் அழைப்புக்குப் பேசி முடிக்கும் வரை வழி திறந்தே இருக்க வேண்டும். குறுஞ்செய்திக்கு ஒரு நொடி இடைவெளி போதும். எதிர்முனை அணைந்திருந்தால் நடுவில் உள்ள நிலையம் அதை வைத்துக்கொண்டு, போன் உயிர்பெறும்போது கொடுக்கும். இது பெரிய வசதி. இதிலேயே ஒரு பொறியும் இருக்கிறது, அதில் நான் விழுந்தேன். வெள்ளிக்கிழமை இரவு எட்டு மணிக்கு, எங்கிருந்தோ சார்ஜ் ஏற்றிக்கொண்டு போனைத் திறந்ததும் பூதப்பாண்டி சிஸ்டரின் செய்தி வந்து விழுந்தது: "தடிக்காரன்கோணம் போறேன். நடந்துதான் போகணும்." மழை, இருட்டு, மலையடிவாரம், தனியாக ஒரு பெண். வண்டியை எடுக்கச் சொல்லி டிரைவரோடு கிளம்பினேன். மூன்று இடத்தில் மரம், ஒரு இடத்தில் ஓடை சாலையைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தது. பத்தரை மணிக்கு அவர் வீட்டை அடைந்தோம். அவர் சுக்குக்காப்பி குடித்துக்கொண்டிருந்தார். செய்தி காலை எட்டு மணிக்கு அனுப்பியது. மத்தியானமே திரும்பிவிட்டார். அந்த ஓடையில் வண்டி இழுபட்டிருந்தால், காப்பாற்றப் போன நாங்கள்தான் மறுநாள் செய்தியில் வந்திருப்போம்.

அதனால் இப்போது எங்கள் குழுவில் எந்தச் செய்தியும் மணியில்தான் தொடங்கும். பிறகு இடம், நிலை, சார்ஜ். "4.00 தக்கலை சுகம் 55." அவ்வளவுதான். வணக்கம் கிடையாது, கும்பிடும் கை பொம்மை கிடையாது. இன்னொரு கணக்கும் இதில் உண்டு. ஆங்கிலத்தில் ஒரு குறுஞ்செய்திக்கு 160 எழுத்து. தமிழில் எழுதினால் 70 தான். அந்த எழுபதிலும் கொம்பு, கால், புள்ளி ஒவ்வொன்றும் தனித்தனியாக எண்ணப்படும். நாகர்கோவில் என்பது நம் கண்ணுக்கு ஆறு எழுத்து, போனின் கணக்கில் பதினொன்று. நீளமாக எழுதினால் செய்தி இரண்டாக உடைந்து, ஒரு பாதி இன்றும் மறு பாதி நாளையும் வரும். ஊர்ப்பெயர்களைச் சுருக்கிக்கொண்டோம். தக்கலைக்குச் சிக்கல் இல்லை. அழகியபாண்டியபுரம்தான் பாவம், "அபா" ஆகிவிட்டது.

இந்த ஒழுங்கையெல்லாம் எனக்குச் சொல்லிக்கொடுத்தது எந்தப் பேரிடர் மேலாண்மைப் பயிற்சியும் இல்லை. பயிற்சிகளுக்குப் போயிருக்கிறேன், நல்ல சாப்பாடு போட்டார்கள். சொல்லிக்கொடுத்தவர் தூத்தூர் பக்கத்தில் எங்கள் நோயாளியாக இருந்த ஒரு பெரியவர். நாற்பது வருஷம் ஆழ்கடல் தொழில். கடைசி காலத்தில் எழுந்திருக்க முடியாமல், கடலைப் பார்த்த ஜன்னலோரம் கட்டிலில் இருந்தார். தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை, நீரோடி என்று அந்த வரிசைக் கிராமத்துக்காரர்கள் சூரை, சுறா தேடி வாரக்கணக்கில் கடலில் தங்குபவர்கள். ஒக்கி வரும்போது அவர்கள் ஏற்கெனவே எங்கோ போயிருந்தார்கள். எச்சரிக்கை கரைக்கு வந்தது, கரையிலிருந்து அவர்களுக்குப் போக வழி இல்லை. திரும்பாதவர்களுடைய படங்கள் அந்தக் கிராமங்களில் இன்றும் வீட்டுச் சுவர்களில் தொங்குகின்றன. அந்த டிசம்பர் 7-ம் தேதி குழித்துறை ரயில் நிலையத்தில் தண்டவாளத்தில் ஆயிரக்கணக்கான பேர் உட்கார்ந்தபோது கேட்டதில் பாதி, எங்கள் ஆட்கள் எங்கே என்பதுதான்.

பெரியவர் வயர்லெஸ் பற்றிப் பேசினால் நிறுத்த மாட்டார். படகில் இருக்கும் வயர்லெஸ் நேர்க்கோட்டில் போகும் அலை. பூமி வளைகிறது, ஏரியல் உயரம் சில மீட்டர்தான், ஆகவே சில பத்துக் கிலோமீட்டருக்கு அப்பால் கரைக்குக் கேட்காது. அதனால் வெளியே இருக்கும் படகு நடுவில் இருக்கும் படகுக்குச் சொல்லும், அது கரைக்குப் பக்கத்தில் இருப்பதற்குச் சொல்லும். சங்கிலி. நடுப்படகுக்காரன் தன் வேலையை விட்டுவிட்டு மற்றவன் வார்த்தையைச் சுமப்பான், அதற்குக் கூலி கிடையாது. பதினாறாம் சானல் ஆபத்துக்கும் கூப்பிடுவதற்கும் மட்டும். கூப்பிட்டு ஆள் கிடைத்ததும் வேறு சானலுக்குப் போய்விட வேண்டும். அதில் நின்று மீன் விலை பேசினால் கடலே திட்டும் என்பார்.

"நீ பட்டனை அமுக்கிப் பிடிச்சிருக்கும்போ ஒனக்கு ஒண்ணும் கேக்காது மக்கா" என்றார் ஒரு நாள். "கூப்பிடுகது நல்லதுதான். கூப்பிட்டுட்டுக் கைய எடுக்கணும். கைய எடுத்தாத்தான் அவன் பேச முடியும்."

நான் என் முப்பது அழைப்புகளை நினைத்துக்கொண்டேன். அவரிடம் சொல்லவில்லை.

ஒக்கிக்குப் பிறகு இஸ்ரோவின் நாவிக் செயற்கைக்கோள் வழியாகப் படகுகளுக்கு எச்சரிக்கை அனுப்பும் கருவிகள் கொடுக்கப்பட்டன. முதலில் வந்தவை கேட்கத்தான் செய்யும், திருப்பிப் பேசாது. இருந்தாலும் முன்பு இல்லாத காது ஒன்று கிடைத்தது. எங்கள் டிரைவர் தம்பிக்கு இதைக் கேட்டதும் ஆசை வந்துவிட்டது. அவன் மாமா துபாயில் இருக்கிறார். ஒரு சாட்டிலைட் போன் வாங்கிக் கொடுத்துவிடுவார், ஒரே போன், எல்லாப் பிரச்சினையும் தீர்ந்தது என்றான். உரிமம் இல்லாமல் அதை இந்தியாவில் வைத்திருந்தால் மாமாவைத் திருவனந்தபுரம் விமான நிலையத்திலிருந்தே அழைத்துப் போய்விடுவார்கள் என்று சொல்லிப் புரியவைத்தேன்.

நாங்கள் கடைசியில் செய்தது செலவில்லாத ஏற்பாடு. காலை எட்டு, மாலை நாலு, இரவு எட்டு, இந்த மூன்று நேரத்தில் மட்டும் போனைத் திறப்பது. மற்ற நேரம் ஏரோபிளேன் மோடு. மூன்று நேரமும் மதுரைக்கு ஒரு குறுஞ்செய்தி. அங்கே அக்கா பள்ளிக்கூட வருகைப் பதிவேடு மாதிரி கோடு போட்ட நோட்டில் குறித்துக்கொள்வாள். நான் தேவைப்பட்டால் அவளைக் கேட்டுக்கொள்வேன். நோயாளி வீட்டுக்காரர்களுக்கும் அந்த மூன்று நேரம் தெரியும். முதலில் அவர்களுக்குச் சொன்னதே பெரிய மாற்றம். எப்போது கூப்பிட்டால் சிஸ்டர் எடுப்பார் என்று தெரிந்தால், மற்ற நேரத்தில் கூப்பிட்டுத் தவிக்க வேண்டாம்.

ஒரு நேரம் தவறினால் ஒன்றும் செய்யக் கூடாது. இதுதான் ஒத்துக்கொள்ள எனக்கு மிகவும் சிரமமாக இருந்த விதி. டவர் இல்லாமல் இருக்கலாம், கை நிறைய வேலை இருக்கலாம். இரண்டாவது நேரமும் தவறினால் பக்கத்து ஊர் ஆள் அடுத்தநாள் பகல் வெளிச்சத்தில் போய்ப் பார்க்க வேண்டும். யார் யாருக்குப் பக்கத்து ஆள் என்று நோட்டில் இருக்கிறது. தக்கலைக்குக் குளச்சல், குலசேகரத்துக்கு மார்த்தாண்டம். இரவில் யாரும் யாரையும் தேடிக் கிளம்பக் கூடாது. அந்த வரியை எழுதும்போது பூதப்பாண்டி சிஸ்டர் என்னைப் பார்த்துச் சிரித்தார்.

பேச்சே தேவைப்படாதபடி முன்கூட்டிச் செய்துவைப்பது இன்னொரு பாதி. வானிலை மையம் ஆரஞ்சு எச்சரிக்கை என்று சொன்னாலே, மார்ஃபின் வீடுகளுக்குக் கூடுதலாக ஒரு வாரத்துக்கான மாத்திரை போய்விடும். ஆக்ஸிஜன் வீடுகளில், காற்றிலிருந்து ஆக்ஸிஜனைப் பிரித்துக் கொடுக்கும் கான்சென்ட்ரேட்டர் ஓடுவது கரண்டில். இன்வெர்ட்டரில் போட்டால் மூன்று நாலு மணி நேரம் வரும், அவ்வளவுதான். நடுத்தர அளவு சிலிண்டர் ஒன்றில் 1,500 லிட்டர், நிமிடத்துக்கு இரண்டு லிட்டர் வைத்தால் ஏறக்குறைய பன்னிரண்டு மணி நேரம். அந்தக் கணக்கைச் சாக்பீஸால் கட்டிலுக்கு மேலே சுவரிலேயே எழுதிவைத்துவிட்டோம். ஒரு வீட்டில் வெள்ளையடிக்கும்போதுகூட அந்த இடத்தை மட்டும் விட்டுவிட்டு அடித்திருந்தார்கள்.

2021 நவம்பரில் இதற்குப் பரீட்சை வந்தது. 12, 13 தேதிகளில் மழை நிற்கவே இல்லை. ஏலாக்கள், அதாவது வயல்வெளிகள், எல்லாம் குளமாகி, குளங்கள் சாலையில் வழிந்து, இரணியல் பக்கம் தண்டவாளத்தில் மண் சரிந்து திருவனந்தபுரம் ரயில்கள் நின்றுபோயின. பேச்சிப்பாறையும் பெருஞ்சாணியும் திறந்துவிட்ட தண்ணீர் கீழே குழித்துறை ஆற்றில் கரையை மீறி ஓடியது. மார்த்தாண்டம் சிஸ்டர் ஆற்றுக்கு அந்தப் பக்கம், அவருடைய இரண்டு நோயாளிகள் இந்தப் பக்கம். பழைய நானாக இருந்தால் என்ன செய்திருப்பேன் என்று எனக்கே தெரியும். எட்டு மணிச் செய்தியில் "இக்கரை 2 தக்கலை பாக்கட்டும்" என்று வந்தது. அக்கா தக்கலைக்கு அனுப்பினாள். தக்கலையிலிருந்து நாலு மணிக்கு "2ம் பாத்தாச்சு" என்று வந்தது. நடுவில் நான் என்று ஒருவன் இருந்ததற்கான அடையாளமே இல்லை. கொஞ்சம் வருத்தமாகக்கூட இருந்தது.

ஒழுங்காக நடக்காததும் உண்டு. டிரைவர் ஒருவர் எட்டு மணிக்குத் திறந்த போனை மூடவே இல்லை. மழை வீடியோக்களைப் பார்த்துப் பார்த்துப் பத்து மணிக்கு அணைந்துபோனது. வாட்ஸ்அப் குழுவில் எவனோ போட்ட "பேச்சிப்பாறை உடைந்தது" என்ற பொய்யை நம்பி நோயாளி வீட்டுக்காரர்கள் ஒரு கட்டிலையே மாடிக்குத் தூக்கினார்கள். அணை விஷயம் என்றால் நீர்மட்டம் எத்தனை அடி என்று மட்டும் கேளுங்கள், பேச்சிப்பாறைக்கு முழு அளவு 48, பெருஞ்சாணிக்கு 77, மற்ற எதையும் நம்பாதீர்கள் என்று இப்போது சொல்லிவைத்திருக்கிறோம். கேட்பவர்கள் கேட்கிறார்கள்.

2023 டிசம்பர் 17, ஞாயிற்றுக்கிழமை. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. பெய்த அந்த மழை. தாமிரபரணிக் கரைப் பக்கம் பட்ட பாட்டோடு பார்த்தால் எங்களுக்கு வந்தது சாரல்தான். ஆனாலும் சனிக்கிழமை இரவே மோடு மாற்றச் சொல்லிவிட்டோம். ஞாயிறு மத்தியானத்துக்கு மேல் கரண்டு இல்லை. எங்கள் தெருவில் முழங்கால் தண்ணீர். அலுவலகத்துக்குள் வந்துவிடுமோ என்று பயந்து நான் மருந்துப் பெட்டிகளை ஒவ்வொன்றாக மேலே அடுக்கிக்கொண்டிருந்தேன். வாசலில் மூட்டை போட்டேன். கீழ்த்தட்டில் இருந்த நோயாளிகளின் கோப்புகளை ஏற்றினேன். முடிக்கும்போது இருட்டிவிட்டது. மணி எட்டு தாண்டியிருந்தது. போனைத் திறந்ததும் அக்காவுக்குத்தான் அடித்தேன். முதல் தடவையிலேயே மணி அடித்தது.

"எல்லாரும் வந்துட்டாங்களாக்கா?"

"எல்லாரும் வந்தாச்சு. குலசேகரத்துக்குத்தான் சார்ஜ் பதினெட்டு. நாளைக்குக் காலம்பற வரைக்கும் மூடச் சொல்லிட்டேன்."

"அப்பாடா. எட்டும் சுகம்."

"எட்டு இல்லடே, ஒம்பது. ஒன் பேரு மொதல் வருஷமே எழுதியாச்சு." நோட்டைப் புரட்டும் சத்தம் கேட்டது. "நாலு மணிக்கு ஒனக்கு ஆப்சென்ட் போட்டிருக்கேன். இப்பவும் வரல்லன்னா, விடிஞ்சதும் ஒன்னப் போய்ப் பாக்கச் சொல்லித் தக்கலைக்குச் சொல்லியாச்சு. அந்தப் பிள்ளைக்கு முதல்ல ஒரு மெசேஜ் போடு."

போட்டேன். 8.20 நாகர்கோவில் சுகம் 41.